பேருக்கு ஒரு வேலை

திருக்கழுக்குன்றம்
14.7.1996

அன்புள்ள தம்பி ஜெரோமுக்கு அண்ணி சாராள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்களும் பிள்ளைகள் அனுவும் நிதினும் சுகம். மஸ்கட் வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? தலையில் எண்ணெய் வைக்காமல் வேலைக்குப் போகாதே. உன் அண்ணன் பேனாவைத் தொட மாட்டார் என்பது உனக்குத் தெரியும். அவர் பங்கையும் சேர்த்து நானே எழுதுகிறேன். என் வாய்க்கு அதுவும் போதாது.

போன வாரம் அவருக்கு பிரேக் கொடுத்துவிட்டார்கள். மறைமலைநகரில் வண்டிக்கு பிரேக் செய்கிற கம்பெனியில் ஆளுக்கே பிரேக் போடுகிறார்களா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் விளக்கினார். இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை பார்த்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டமாம். பர்மனென்ட் ஆகிவிட்டால் ஆளையும் அசைக்க முடியாது, சம்பளத்தையும் குறைக்க முடியாது. அதனால் அந்தக் கணக்கு நிறைவதற்கு முன்பே கான்ட்ராக்டர் ஆளை வெளியே நிறுத்திவிடுவாராம். நல்லது செய்யத்தான் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்துக்குப் பயந்தே நம்மை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

கான்ட்ராக்டர் கோபாலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. வேலை தெரிந்த ஆளை விட அவருக்கும் மனசில்லை. "ஏசுதாஸ் போவட்டும்யா. உன் தம்பி வரட்டும். அவன்தான் ஃபாரின்ல கீறானே, அவன் பேர்ல நீ வந்துடு" என்றாராம். இதில் நமக்கு என்ன புதுசு? கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர் என்று ஆளுக்கு இரண்டு பேர் வைத்துக்கொண்டு பிழைக்கிற ஜனம்தானே. உன் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டோம். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனிக்குள் உன் அண்ணன்தான் ஜெரோம். கோபம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணி சாராள்

*

மஸ்கட்
25.8.1996

மரியாதைக்குரிய அண்ணிக்கு ஜெரோமின் வணக்கம். நான் நல்ல சுகம். அண்ணனின் இடுப்பு வலி தேவலையா? பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் கடிதத்தை கேம்ப்பில் சத்தம் போட்டுப் படித்தேன். பக்கத்துக் கட்டில் சாலமோன், மதுராந்தகத்துக்காரன், சிரித்துச் சிரித்துக் கட்டிலை உடைக்கப் பார்த்தான். பேருக்கு ஒரு வேலை பார்க்கிறவன் என்று அப்பா என்னைத் திட்டுவாரே, இப்போது நிஜமாகவே என் பேருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று, அண்ணன் மெஷின் முன்னால் தூங்கி என் பேரைக் கெடுக்கக் கூடாது.

இங்கே ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிறேன். ஒரு மரம்கூட இல்லாத மலைகள், அவற்றின் நடுவே கண்ணாடி மாதிரி ரோடு. அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, நல்லவர். நினைத்தால் சம்பளத்தை ஏற்றுவார். வேறு விசேஷம் இல்லை.

தங்கள் அன்புத் தம்பி,
ஜெரோம்

*

திருக்கழுக்குன்றம்
3.1.1997

பிரியமுள்ள தம்பிக்கு, பிறந்திருக்கிற வருஷம் உனக்கு எல்லா நன்மையும் கொண்டுவரட்டும். இங்கே மழை விட்டுவிட்டது, சளி மட்டும் விடவில்லை. மற்றபடி சுகம்.

உன் பேரில் அவர் வேலைக்குப் போன முதல் வாரக் கதையை நீ கேட்க வேண்டும். சூப்பர்வைசர் "ஜெரோம், ஜெரோம்" என்று கத்தியிருக்கிறார். உன் அண்ணன் திரும்பிப் பார்த்து, "அவன் மஸ்கட்ல கீறான் சார்" என்று சொல்ல வாயெடுத்து நாக்கைக் கடித்துக்கொண்டாராம். கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் ஏசுதாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பேப்பரில் நீ, வாயில் அவர்.

பர்மனென்ட் ஆட்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து கேட்கிறேன். நான் நடவுக்குப் போன காலத்தில் வரப்பில் எத்தனை பெண்கள் வந்து நிற்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அன்றைய கூலியைச் சொல்வார்கள். ஆள் கூடினால் கூலி குறையும். மழை வந்தால் பாதியில் அனுப்பிவிடுவார்கள், கூலியும் பாதி. கூலி என்றாலே மேலே கீழே போவதுதான் அதன் சுபாவம் என்று நினைத்திருந்தேன். இங்கே என்னடாவென்றால், மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதி, இதற்குக் கீழே இறங்காது என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். மனிதனால் இது முடியுமா தம்பி? மாமல்லபுரத்துக் கடலைப் பார்த்து அப்படியே நில் என்று சொல்ல, அதுவும் நின்ற மாதிரி இருக்கிறது எனக்கு. ராத்திரி ஜெபத்தில்கூட அதே ஞாபகம்.

நாம் அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறோம். இருந்தாலும் அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததே சந்தோஷமாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி சாராள்

*

திருக்கழுக்குன்றம்
29.3.1998

தம்பி ஜெரோமுக்குக் கோடி ஸ்தோத்திரத்துடன் அண்ணி எழுதுவது. நலமா? உன் கடைசிக் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அதைப் பற்றிப் பிறகு சண்டை போடுகிறேன். இப்போது உனக்கு வாழ்த்து. நீ பர்மனென்ட் ஆகிவிட்டாய்!

நடந்தது இதுதான். உன் பேருக்கும் பிரேக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. கோபாலகிருஷ்ணன் புதிதாக வந்த கிளார்க்கிடம், "ஏசுதாஸுக்கு பிரேக் போட்டுடு" என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். கிளார்க் பிள்ளை சொன்னதைச் செய்தான். ஏசுதாஸ் என்ற பேரைத் தேடிப் பிடித்து அதற்கு பிரேக் போட்டான். அந்தப் பேர் வேலையிலேயே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை ஜெரோம் வழக்கம்போல் கம்பெனி பஸ் ஏறிப் போனான், கேட்டில் உள்ளே விட்டார்கள். இல்லாத ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இருக்கிற ஆளை மறந்துவிட்டார்கள்!

அப்புறம் சங்கத்துத் தலைவர் ஜெபகுமார் தொழிலாளர் அதிகாரியிடம் போனார். அதிகாரி நேரில் வந்து வருகைப் பதிவேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு எண்ணினாராம். கணக்கைத் தாண்டிய சிலரை நிரந்தரமாக்கியே தீர வேண்டும் என்று எழுதிவிட்டார். அதில் ஜெரோமும் ஒருவன். கை நீட்டி யாரையும் கெஞ்சவில்லை. ஒரு அதிகாரி உட்கார்ந்து எண்ணினார், கம்பெனி தலை குனிந்தது. நம் வம்சத்தில் இப்படி ஒன்றை யார் பார்த்திருக்கிறார்கள்?

சட்டையின் பையில் நூலால் உன் பேர் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது நிதின், "சித்தப்பா வந்துட்டாரு" என்று குதித்தான். நான் அந்தச் சட்டையைத் துவைக்கும்போது பையின் மேல் கல் படாமல் துவைக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அண்ணி

*

மஸ்கட்
10.5.1998

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும், வேலை அதிகம்.

நிரந்தரமான எனக்கு என்னுடைய வாழ்த்துகள். அண்ணன் அந்தச் சட்டையில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும். சாலமோனிடம் காட்ட வேண்டும்.

ஒரு சந்தேகம் அண்ணி. வேலை இல்லாத மாதத்திலும் சம்பளம் குறையாதா? வாங்க ஆள் இல்லை, ஆர்டர் இல்லை என்று முதலாளி சொன்னாலும்? எப்படி என்று விவரமாக எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தம்பி,
ஜெரோம்

*

திருக்கழுக்குன்றம்
16.8.1998

அன்புத் தம்பிக்கு அண்ணி எழுதுவது. அனுவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, மற்றவர்கள் நலம். நீ எழுதுகிற இரண்டு வரியில் உன் சுகம் எனக்குத் தெரிய மாட்டேன் என்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டதற்கு வேளை வந்து பதில் சொல்லிவிட்டது. வண்டிகள் விற்கவில்லையாம். போன மாதம் கம்பெனியைப் பல நாள் மூடினார்கள். அவர் வீட்டிலேயே இருந்தார், கூரைக்கு ஓலை மாற்றினார், பிள்ளைகளை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போய்க் காற்று வாங்கிவிட்டு வந்தார். மாதக் கடைசியில் சம்பளம் முழுசாக வந்தது. நான் இரண்டு தரம் எண்ணிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வேலையே செய்யாத நாளுக்குக் கூலி! பக்கத்து வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி சாரா, படுத்துகினு இருந்தாலும் டப்பு வருமா?" என்றாள். வரும் என்றேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது தம்பி, பொய் சொல்லவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மேனேஜர் சங்கத்தைக் கூப்பிட்டு, ஆறு மாதத்துக்குப் பர்மனென்ட் ஆட்கள் சம்பளத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் கான்ட்ராக்ட் ஆட்களையும் வைத்துக்கொள்கிறோம் என்றாராம். ஒரு தரம் இறக்கினால் அப்புறம் ஏற்றவே மாட்டார்கள் என்று ஜெபகுமார் சொன்னார். அதுவும் நியாயம்தான். கை தூக்கி முடிவு செய்தார்கள். சம்பளம் இறங்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் மறுநாள் வீட்டுக்குப் போனார்கள். அதில் முனியம்மா புருஷனும் ஒருவர். உன் அண்ணன் கை தூக்கினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முனியம்மா இப்போது எட்டிப் பார்ப்பதில்லை.

பர்மனென்ட் ஆட்களை அனுப்ப அரசாங்க அனுமதி வேண்டுமாம், கிடைக்காதாம். அதனால் கம்பெனி ஆபீசில் எல்லாருடைய சர்டிபிகேட்டையும் திரும்ப வாங்கிச் சரிபார்க்கிறார்கள். எங்காவது ஓட்டை தெரிந்தால் அந்த ஆளை எடுத்துவிடலாமே. உன் அண்ணன் இப்போதெல்லாம் வீட்டிலும் ஜெரோம் என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறார்.

நீ லீவுக்கு எப்போது வருவதாக உத்தேசம்? அவசரமில்லை.

அன்புடன்,
அண்ணி

*

மஸ்கட்
15.10.1998

அன்புள்ள அண்ணிக்கு, நலம். இந்த வருஷம் ஊருக்கு வரவில்லை. அர்பாப் விட மாட்டேன் என்கிறார், அவ்வளவு வேலை. அனுவைக் கேட்டதாகச் சொல்லவும்.

ஜெரோம்

*

மஸ்கட்
3.12.1998

முன்பின் பார்த்திராத சகோதரி சாராள் அவர்களுக்கு, மதுராந்தகம் சாலமோன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தங்கள் குடும்பத்தார் யாவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் ஜெரோமுக்குத் தெரியாது.

எண்ணெய் விலை விழுந்ததிலிருந்து இங்கே கட்டட வேலை படுத்துவிட்டது. மார்ச் மாதத்திலேயே அர்பாப் எங்கள் சம்பளத்தைப் பாதியாக்கினார். ஆகஸ்டில் அந்தப் பாதியையும் பாதியாக்கினார். இங்கே கேட்க ஆள் கிடையாது. இஷ்டமிருந்தால் இரு, இல்லையென்றால் விமான டிக்கெட் தருகிறேன், ஊருக்குப் போ என்றார். அநேகம் பேர் போய்விட்டார்கள். நானும் வருகிற மாதம் வந்துவிடுவேன். ஜெரோம் டிக்கெட்டை வாங்க மாட்டேன் என்கிறான். இளைத்துப்போய்விட்டான் அம்மா. ஒரு வேளை குப்பூஸ் ரொட்டியும் தண்ணீரும்தான்.

ஏன்டா என்று சண்டை போட்டேன். "நான் போனா ஊர்ல ரெண்டு ஜெரோம் ஆயிடும் மச்சான். கம்பெனி பஸ்சு எங்க தெருவுலயே நிக்குது. எவனாவது போட்டுக் குடுத்தா அண்ணாத்த வேல பூடும். அண்ணியே அவசரமில்லன்னு எழுதிகீது, அதுக்கு மேல இன்னா எழுதும் பாவம்" என்றான். நீங்கள் அனுப்பிய, அண்ணன் கம்பெனிச் சட்டையோடு நிற்கிற போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறான். அதை எடுத்துக் காட்டி, "இதப் பாரு, சம்பளம் எறங்காத ஜெரோமு" என்று சொல்லிச் சிரிக்கிறான்.

எழுதியது தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் சகோதரன்,
சாலமோன்

*

திருக்கழுக்குன்றம்
10.1.1999

என் பிள்ளை ஜெரோமுக்கு அண்ணி எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. உன் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது. சாலமோனைத் திட்டாதே, அவனை ஆண்டவர் நன்றாக வைத்திருப்பார்.

கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கம்பெனிச் சட்டையைப் போடாமல் கையில் மடித்து எடுத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை.

நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த அதிகாரியம்மா வரலட்சுமியின் மேஜையில் சட்டையை வைத்து, "நான் ஜெரோம் இல்லீங்க. ஏசுதாஸ். ஜெரோம் என் தம்பி, மஸ்கட்ல கீறான்" என்றாராம். அந்த அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "ஓட்டை எங்கன்னு நாங்க மாசக்கணக்கா தேடிட்டு இருக்கோம். நீங்களா வந்து நிக்கிறீங்களே" என்றார்களாம். பாவம், அவர்களுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

ஜெபகுமார் ஓடி வந்திருக்கிறார். "வேல பாத்தது உன் கையி, பேரு இல்ல. கேஸ் போட்டா நாமதான் ஜெயிப்போம். உன்னைய உன் பேர்லயே பர்மனென்ட்டா உக்கார வெக்கிறேன். அஞ்சு வருசம் இஸ்த்துகினு போவும், அவ்ளோதான். அது வரைக்கும் உன் தம்பி ஊருக்கு வராம பாத்துக்க, அவன கோர்ட்டுல நிறுத்துனா ஆள் மாறாட்டம்னு கேச திருப்பிடுவானுங்க" என்று கெஞ்சினாராம். அவர் சொன்னது சத்தியம், அந்தச் சட்டம் நம் பக்கம்தான். உன் அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "அஞ்சு வருசம் அவன் அங்க இன்னாத்த துன்னுவான்?"

ராஜினாமாவில் ஏசுதாஸ் என்று கையெழுத்துப் போட முடியாதாம், அந்தப் பேரில் அங்கே ஆளே கிடையாது. கடைசியாக ஒரு தரம் ஜெரோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது என்பதால் டவுன் பஸ்ஸில் செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து இன்னொன்று மாறி வீடு வந்து சேர்ந்தார்.

நான் கத்தினேன் தம்பி. மறைக்க மாட்டேன். சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். படுத்திருந்தாலும் வருகிற சம்பளம், நம் தலைமுறையில் யாருக்கும் கிடைக்காதது, அதைப் போய் மேஜையில் வைத்துவிட்டு வந்தாயா என்று கேட்டேன். முனியம்மா இத்தனை நாள் கழித்து எட்டிப் பார்த்து, "உன் புருசனுக்கு மூள பெரண்டு போச்சா?" என்றாள். அவர் சிதறிய சோற்றை வழித்துக் கோழிக்குப் போட்டுக்கொண்டே, "அவன் சம்பளம் எறங்க எறங்கத்தான் என் சம்பளம் எறங்காம நின்னுதுடி" என்றார்.

மனிதர்கள் கூலியை ஒரே இடத்தில் நிறுத்திவைத்ததைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் அதிசயப்பட்டேன். அதிலிருந்து தானாக இறங்கி வந்த ஒரு மனிதனோடு குடும்பம் நடத்துகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இரண்டு நாளாக அவர் தூங்கும்போது அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை முதல் தடவை யானையைப் பார்க்கிற மாதிரி. எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

டிக்கெட்டை வாங்கிக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவசரம்.

உன் அண்ணி,
சாராள்

*

திருக்கழுக்குன்றம்
2.2.1999

தம்பி ஜெரோம்,

இது நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் அண்ணியிடம் சொல்லாதே. இங்கே சுகம். அங்கே நீ சுகமில்லை என்று தெரியும்.

நான் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் கட்டுகிற இடத்தில் மணல் அள்ளப் போகிறேன். காலையில் வந்து நிற்கிற ஆளைப் பார்த்துக் கூலி சொல்கிறார்கள். முனியம்மா புருஷனும் என் கூடத்தான் அள்ளுகிறார். நேற்று ஆள் அதிகம், கூலி குறைவு. மேஸ்திரி ஏசுதாஸ் என்று கூப்பிட்டார். உடனே திரும்பினேன்.

நீ வந்தால் உனக்குக் கொடுக்க என்னிடம் வேலை இல்லை. மறைமலைநகரில் கேட்டுக்குக் கேட்டு "வேலை காலி இல்லை" என்று போர்டு தொங்குகிறது. உன் பேர் மட்டும் காலியாக இருக்கிறது. வந்து சேர்ந்துகொள்.

உன் அண்ணன்,
ஏசுதாஸ்